கரையில் அழாமல் நின்றவள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு நாட்டிய நாடகம் போட்டோம். முத்துக் குளிக்கப் போன கணவனுக்காகக் கரையில் காத்திருக்கும் மனைவிதான் நாயகி. முதல் நாள் என்னோடு நாட்டியம் பயின்ற ஸ்டெல்லா ஆடினாள், மறுநாள் நான். எங்களில் நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருத்திக்குத்தான் சென்னை மேடை.

சலங்கை கட்டிவிட ஒரு பரதவப் பெண் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை. ஆட்டம் முடியும்வரை உட்காரவே மாட்டார். திரைக்கயிற்றைப் பிடித்தபடி நிற்பார்.

நான் ஆடி முடித்ததும் நடுவர்கள் தனியே பேசப் போனார்கள். படபடப்புத் தாங்காமல் அவரிடம் கேட்டேன்.

"யாரு ஆடுனது நல்லாருந்துச்சுக்கா?"

"அந்தப் பிள்ள மார்ல அடிச்சு அழுதா. சனமெல்லாம் அழுதுச்சு, நானும் அழுதேன். நீ அழாம கடலையே பாத்துட்டு நின்ன. என்னால பாக்க முடியல, திரும்பிக்கிட்டேன்."

"அப்போ நல்லால்லையா?"

அவர் குனிந்து என் சலங்கையை அவிழ்த்தார். "ஏளா, இனிமே அப்படி நிக்காத."

அப்படி நின்றதற்காகவே நடுவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சென்னையில் அந்தக் காட்சி வந்ததும் என்னால் நிற்க முடியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். எங்களுக்கு நாட்டியம் கற்றுத்தந்த ஆசிரியர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அந்த அக்கா என் ஆட்டத்தைப் புகழ்ந்தாரா, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாரா என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.