அம்மா நிறுத்திய கறிகள்

அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்ததா? 

செங்கலடிப் பக்கம், ஓர் அரிசி மில்லின் பின்மதிலை ஒட்டி எங்கள் வீடு. நெல் அவிக்க உமி எரிப்பார்கள். காலையில் முற்றத்தைக் கூட்டினால் மத்தியானத்துக்குள் கரித்தூள் மறுபடி படிந்துவிடும். அப்பாவுக்கு அந்த மில்லில்தான் வேலை. எனக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறி. அடிக்கடி மூச்சும் இழுக்கும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சொறி வந்தால் முதலில் கறிச்சட்டியைத்தான் பார்ப்பார்கள். இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, சொறியைக் கிளப்பிவிடும் என்பார்கள். அம்மா ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். ஒன்பது வயதில் எனக்கு மிஞ்சியது சோறும் பருப்பும் முருங்கையிலையும், எப்போதாவது ஒரு முட்டையும்.

அந்த வருட விடுமுறைக்கு வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலையில் இருந்த மாமா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். கொடுக்கக்கூடாதவற்றை அம்மா பள்ளிக் கொப்பித் தாளில் எழுதி விட்டிருந்தார். மாமி அதை வாசித்துச் சிரித்தார்.

"இதெல்லாம் விட்டா நீ என்னத்தத் திங்கிற புள்ள, காத்தையா?"

இரண்டாம் நாளே இறால் பொரித்தார். மாமி செய்தது சரியென்று இன்று நான் சொல்லமாட்டேன். ஒன்றைத் தின்றுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பத்து நாளும் தின்றேன். கழுத்துப் புண் காய்ந்துபோனது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. அம்மா முதுகைத் தடவிக்கொண்டே விசாரிக்க, இறாலை ஒப்புக்கொண்டேன்.

"அங்க இழுக்கல்லையா?"

"இல்லம்மா."

 அம்மா முட்டையையும் நிறுத்தினார்.

அன்று பின்னேரம் உமித்தூசுத் தலையோடு வந்த அப்பாவை வாசலிலேயே மறித்தார். "கிணத்தடியில குளிச்சிட்டு உள்ள வாங்க. சேட்ட வெளிய போடுங்க." அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். அதன்பிறகு தினமும் அப்படித்தான். நான் தின்ற இறாலால் இருவருக்கும் சண்டை என்றே நினைத்தேன். பல நாள் அப்பாவின் முகத்தை நேரே பார்க்கவில்லை.

இப்போது அதே வீட்டில் என் மகன் இருக்கிறான். ஐந்து வயது. அவனுக்கும் இழுக்கிறது. வைத்தியர் சோதித்துப் பார்த்து, இறாலை மட்டும் விலக்கி மற்றதையெல்லாம் கொடுக்கச் சொன்னார். நான் முட்டை, பால், மீன் மூன்றையும் சேர்த்து நிறுத்தினேன். போன மாதம் அவன் நிறையைப் பார்த்த தாதி, "ஏன் இந்தப் புள்ள இப்படி மெலிஞ்சிரிக்கி?" என்று கேட்டார்.  மில் தூசிலிருந்து தப்ப வீடு மாற எங்களுக்கு வழியில்லை. மில்லை நிறுத்த என்னால் முடியாது. சட்டியில் எதையாவது நிறுத்த முடிகிறது.

மில், சூளை, தொழிற்சாலைப் பக்கத்தில் இப்படிப் பிள்ளை வளர்க்கிறவர்கள் இதை வாசித்தால் எழுதுங்கள். கொடுக்கலாம் என்று வைத்தியர் சொன்னபிறகும் உங்களுக்குக் கை வராமல் இருந்ததா? எதைக் கொடுத்து மறுபடி தொடங்கினீர்கள்?