பென்சில தூக்காம வெளிய வாங்க

ஒரே வாசகத்த ஒரு நாளைக்கு முப்பது தடவ சொல்ற வேலையில மாட்டிக்கிட்ட அன்பர்களே, என் அலுப்பு உங்களுக்குத்தான் புரியும். ஜார்ஜ்டவுன்ல ஒரு மனநல கிளினிக்ல, யோசிக்கிற தெறன சோதிக்கிற பழைய காலத்து புதிர்ப்பாதைத் தாள நீட்டுறது என் வேல. "நுழையுற எடத்துல ஆரம்பிங்க, பென்சில தூக்காம வெளிய வாங்க." முட்டுச்சந்துல நுழைஞ்சா தாள வாங்கிட்டு புதுசு கொடுப்பேன். வழி மட்டும் சொல்லக்கூடாது.

பின்வாசல்

நாசி கண்டார் சோத்துக் கடை பாய் ஒருத்தர். மறதி ஜாஸ்தியாயிருச்சுன்னு மக கூட்டிட்டு வந்துச்சு. மனுஷன் கடைசியிலேர்ந்து உள்ள கோடு போடுறாரு. "பாய், அது வெளிய வர்ற வழி"ன்னேன். நிமிரவே இல்ல.

"முப்பது வருஷமா கடைக்கு பின்பக்கமாத்தான் போறேன். முன்னால போனா கஸ்டமரு கியூவுல நிக்கச் சொல்றான் லா."

ரெண்டு தாள் போச்சு

அடுத்து பக்கத்து ஊரு ஜுருலேர்ந்து முனியாண்டி அண்ணே. லோரி டிரைவர். தலையில அடிபட்டு ஆறு மாசமா வீட்டோட இருக்காரு. இங்க தேறுனாத்தான் டாக்டரம்மா ரோட்டு டெஸ்டுக்கு அனுப்புவாங்க. சின்னப்புள்ள வெளையாட்டுன்னு நெனச்சு சர்ருன்னு இழுத்தாரு. முட்டுச்சந்து. வாங்கிட்டு இன்னொண்ணு கொடுத்தேன். அதுவும் முட்டுச்சந்து. மொகம் செத்துப்போச்சு.

"லைசென்ஸ புடுங்குற மாதிரி புடுங்காதீங்க தம்பி. மெதுவா வாங்குங்க."

டாக்டரம்மா குரல்

மனசு கேக்கல. எங்க டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவங்க குரல்லயே, "பென்சிலத் தூக்கப்படாது, விளங்கிச்சோ?"ன்னேன். அண்ணே குலுங்கிச் சிரிச்சாரு. திடீர்னு சிரிப்பு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா, கதவுகிட்ட அவங்களே.

"நான் மூக்காலயோ கதைக்கிறனான்?"

கடைசித் தாள்

டாக்டரம்மா பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. பாதி வழியில அண்ணே பென்சில் நின்னுருச்சு. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். இடது பக்கம் முட்டுச்சந்து. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, கடிச்சுக்கிட்டேன். நல்லவேள, இதுக்கு நேரக் கணக்கு கெடையாது. பென்சில் மெல்ல வலது பக்கம் திரும்பி, வளைஞ்சு வளைஞ்சு வெளிய வந்துச்சு. டாக்டரம்மா ரோட்டு டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. "என்னண்ணே அவ்ளோ நேரம் யோசிச்சீங்க?"ன்னேன்.

"இடது பக்கம் போனா லோரிய ரிவர்ஸ் எடுக்க எடம் இல்ல தம்பி."

எல்லாத் தாளுக்கும் வழி எனக்கு மனப்பாடம் மக்களே, அத சொல்லாம இருக்குறதுக்குத்தான் சம்பளம்.