கரையில் ஒரு வேண்டுதல், கடலில் ஒரு வேண்டுதல்

விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளே, ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் வாடைக்காற்று தொடங்கிய சமயம். பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போன என் வீட்டுக்காரரின் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் பதில் வரவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். நாற்பது வயதுக்குமேல், வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் நடக்கும் எம்.ஏ. படிப்பில் சேர்ந்தேன். வரலாறு, இலக்கியம், தத்துவம், சூழலியல் எல்லாம் கலந்த படிப்பு. கடலைப் பற்றி ஜெபமும் சட்டமும் அறிவியலும் என்ன சொல்கின்றன என்று ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தேன். அந்த வாரச் சனிக்கிழமைதான் அதற்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

படித்தது எதுவும் அப்போது கைகொடுக்கவில்லை. உட்கார முடியவில்லை. கடற்கரைக்கு ஓடுவேன். வீட்டுக்கு வருவேன். அடுப்பைப் பற்றவைப்பேன், அணைப்பேன், மறுபடியும் ஓடுவேன். ஜெபமாலை சொன்னால் பாதியில் மனம் எங்கோ போய்விடும்.

“ஏளா, புருஷன் கடல்ல கெடக்கான். இந்த வயசுல ஒனக்கு எதுக்கு படிப்பு?” என்றார் மாமியார்.

அந்தச் சொல் சுட்டது. கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டேன். “ஆண்டவரே, அவரைத் திருப்பித் தாரும். படிப்பை விட்டுவிடுகிறேன்” என்று நேர்ந்துகொண்டேன். அப்படியும் மனம் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தகவல் வந்தது. இன்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்த படகை ஒரு சரக்குக் கப்பல் பார்த்துச் சொல்லியிருக்கிறது. மாலைக்குள் இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. உதடெல்லாம் வெடித்துப்போய் இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, “நாளைக்குத்தானே வைவா?”

நேர்ந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“யாரக் கேட்டு நேந்த? இவ பட்டம் வாங்குறதப் பாக்காம என்னக் கூப்பிட்டுக்கிடாதயும் ஆண்டவரேன்னு நான் அங்கன கெஞ்சிக்கிட்டுல்லா கெடந்தேன்!”

போனால் என் வாக்கு பொய். போகாவிட்டால் அவர் ஜெபம் வீண். கரை சேர்ந்த தன் மகனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த மாமியார்தான் தலையை நிமிர்த்தினார்.

“ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்டதானளா கேட்டிய? ஒன் படிப்ப அவரு வெலையாவா கேட்டாரு? காலம்பற பஸ்ஸுக்குக் கெளம்பு.”

கிளம்பினேன். பயத்தோடுதான் போனேன். “ஜெபமும் அறிவியலும் ஒரே கட்டுரையில் எப்படிச் சேரும்?” என்று தேர்வாளர் கேட்டார். முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். அவர்கள் காத்திருந்து, தண்ணீர் கொடுத்து, மீதியையும் கேட்டார்கள். தேறிவிட்டேன். பட்டமளிப்பு விழாவுக்கு என் வீட்டுக்காரரும் மாமியாரும் வந்திருந்தார்கள்.

அவர் இப்போதும் கடலுக்குப் போகிறார். என் பதற்றம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். வேலையும் வீடுமாக ஓடுகிறவர்களே, உங்களுக்கும் படிக்க ஆசையிருந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள். மனம் அமைதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படபடப்போடேயே சொல்லுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். அவருக்கே நன்றி.