ஏழாவது படிக்கு முன்

கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதங்களில் செட்டிபாளையத்து மத்தியானம் பாதி நித்திரையிலேயே கழியும். வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். நான் அதை அரைவாசி திறந்து வைத்து, மின்விசிறியைக் காலடியில் போட்டுக்கொண்டு, இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இல்லாத என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாலேயே கட்டி வைத்த இன்னொரு கணினி. மெய்நிகர் இயந்திரம் என்பார்கள், தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. அதற்குள் ஒரு நெட்வேர்க் அட்டை, அதுவும் கிடையாது. அந்த இல்லாத அட்டையை அந்த இல்லாத கணினியோடு பேச வைக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். கொழும்பில் ஒரு நிறுவனத்தார் புதிதாக ஒன்று எழுதியிருந்தார்கள். அதை எப்படி ஏற்றுவது, பழைய அட்டையிலிருந்து புதியதற்கு எப்படி மாறுவது, பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்று கையேடு எழுதிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் தற்காலிகம். கையேடு சோதனையில் தேறினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வேலையில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. உள்ளே இருக்கிற கணினிக்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது. தனக்கென்று ஒரு பெட்டி, ஒரு வயர், வயர் போகச் சுவரில் ஒரு ஓட்டை எல்லாம் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். வெளியே அனுப்ப வேண்டியதை ஒரு பொதுவான இடத்தில் வைக்கும். வெளிக் கணினி வந்து எடுத்துக்கொண்டு வெறும் பாத்திரத்தைத் திருப்பி வைக்கும். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கறிக்கிண்ணம் கொடுத்து வாங்குவது போலத்தான். இதை அப்படியே எழுதியும் அனுப்பினேன். கொழும்பில் வெட்டிவிட்டார்கள். வெட்டியது நியாயம்தான், ஆனாலும் கறிக்கிண்ணம் போன கோபம் எனக்கு இரண்டு நாள் ஆறவில்லை.

எழுதி எழுதிக் கண் சொருகும்போது யன்னலுக்கு வெளியே ஒரு தோணி அசையாமல் நிற்கும். ஆள் இருக்கிறதா, இல்லையா என்று தெரியாது. திரையிலும் வாவியிலும் ஒரே வெளிச்சம். எது நிசமாக இருக்கிறது, எது இருப்பதாக நம்பப்படுகிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் குழம்பிப்போகும்.

என் கணவரும் நாலு வருசமாக ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். கட்டாரில் எலக்ட்ரீஷியன் வேலை. எங்களுக்கு இரண்டரை மணியாகும்போது அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. தினமும் அந்த நேரத்துக்கு, பூசாத ஒரு சுவருக்கு முன்னால் தலையில் தொப்பியோடு திரையில் வருவார். கச்சான் காலத்தில் தென்னோலை விழுந்து எங்கள் இணைய லைன் எப்போது போகுமென்று சொல்ல முடியாது. அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். காய்ச்சல், செத்தவீடு, கலியாணம் எல்லாம் முதலில். சுகமா என்று கேட்பது கடைசியில், அதுவும் லைன் மிஞ்சியிருந்தால்.

அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. இன்னும் இரண்டு வருசம் நிற்பதென்றால் வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். என் வேலை நிரந்தரமானால் போட வேண்டியதில்லை, வந்துவிடலாம். அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன், அவரும் மறுக்கவில்லை. முதலில் கூரை முடியட்டும் என்றேன். முடிந்தது. பிறகு கிணறு என்றேன். அதுவும் கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது இந்தக் கையேடு மட்டும்தான்.

சோதனை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வேறு பிரிவில் வேலை செய்கிற, இந்த டிரைவரைக் கண்ணாலும் காணாத ஒருவரைக் கொழும்பில் இருத்தி, என் கையேட்டை மட்டும் பார்த்து அட்டையை மாற்றச் சொல்வார்கள். அவருடைய திரை இங்கே என் கணினியில் தெரியும். நான் வாய் திறக்கக் கூடாது. நிறுவனத்துப் பொறுப்பாளரான அம்மா கூடவே இருந்து பார்ப்பார்.

வந்தவர் நடுவயதுக்காரர், நிதானமான மனிதர். ஒவ்வொரு படியையும் உரத்து வாசித்து, தலையாட்டி, செய்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தடங்கலே இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டு வந்தது. ஐந்து, ஆறு. ஏழாவது படி, பழைய அட்டையை நீக்கவும். நீக்கினார். திரை அப்படியே உறைந்துவிட்டது.

அவர் அந்த இயந்திரத்துக்குள் போனதே பழைய அட்டை வழியாகத்தான். அதை நீக்கினால் அவரும் வெளியே விழத்தான் வேண்டும். அப்படி விழாமலிருக்கக் கொன்சோல் என்று தனியாக ஒரு வாசல் உண்டு, நெட்வேர்க் இல்லாமலும் உள்ளே போகலாம். ஏழாவது படிக்கு முன் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை. அவர் ஏழாவது படியைத் திரும்ப வாசித்தார். பிறகு எட்டாவது படியை, புதிய அட்டைக்கு முகவரி கொடுக்கவும் என்பதை, இரண்டு தரம் வாசித்தார். எங்கே கொடுப்பதென்று தேடி அவருடைய சுட்டி வெறும் திரையில் அலைந்தது. நான் என் கையைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

"நிப்பாட்டுவம்," என்றார் பொறுப்பாளர். "நீங்க கொன்சோல எப்ப திறப்பீங்க?"

"எப்பவும் முதல்ல அதத்தான் திறப்பன்."

"அத எழுதல்லையே."

"எல்லாரும் திறப்பாங்க எண்டு நினைச்சன். லைன் போனாலும் கொன்சோல்ல விட்ட இடத்தில இருந்து தொடங்கலாமே."

"இஞ்ச ஒஃபிஸ்ல லைன் போறதே இல்ல, மிஸ்," என்றார் அந்த மனிதர், மன்னிப்புக் கேட்பது போல.

திருத்தி அனுப்பச் சொன்னார்கள். மறு சோதனை திங்கட்கிழமை. திங்கள் வியாழனுக்குப் பிறகுதான் வரும்.

நாற்பது பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லையா என்று என்னை நானே ஏசிக்கொண்டு வாவிக் கரைக்குப் போனேன். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து காற்று தண்ணீருக்கு மேலால் வந்துகொண்டேயிருந்தது. கரையோரச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்குக் கீழே மட்டும் தண்ணீர் அசங்காமல் கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இரண்டு வருசம் என்ற நினைப்பு வந்ததும் கால் தானாக வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

இரண்டரைக்கு அவர் வந்தார். நான் எங்கள் சட்டத்தை மீறினேன். முருங்கை முறிந்ததைச் சொன்னேன். பக்கத்து வளவு ஆடு என் உடுப்புக் கொடியைத் தின்னப் பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இப்போது லைன் போகட்டும், இப்போது போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று படம் ஒரு புள்ளிகூடக் குலையவில்லை.

"முதல்ல சொல்ல வேண்டியதச் சொல்லு புள்ள," என்றார்.

"சரிவரல்ல. ஒரு படிய எழுத மறந்திட்டன். திங்கக்கிழமதான் திரும்பப் பாப்பாங்களாம்."

"என்ன படி அது?"

சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"மெயின் சுவிச்ச நிப்பாட்ட முதல் டோர்ச்சக் கையில எடுக்கிற மாதிரி."

"ஓம்."

"அதெல்லாம் எழுதோணுமா? தெரியுந்தானே."

"தெரியாத ஆளுக்கு எப்பிடித் தெரியும்?" கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு சிவந்திருந்தது.

"அப்ப நான் ஒண்டு கேக்கன்," என்றார். "கூரை எண்டாய், கிணறு எண்டாய், மறுகா இந்த வேலை எண்டாய். நாலு வருசத்தில திரும்பி வாங்க எண்டு நீ ஒருக்காவும் சொல்லல்ல."

அதை வேறு சொல்ல வேண்டுமா என்று வாய்வரை வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. நான் சொல்லவில்லைதான். வரச் சொல்லி, அவர் வந்து, பிறகு ஏதும் சரிவராமல் போனால் அந்தப் பழி என் தலையில் விழும் என்று எனக்குப் பயம். கூரையும் கிணறும் அதைச் சொல்லாமலிருக்க நான் பிடித்த சாட்டுகள். எனக்கு வேண்டியிருந்தது இந்த மனிதர் வீட்டுக்குள் நடமாடுகிற சத்தம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நாலு வருசம் இருந்துவிட்டேன்.

"வாங்க," என்றேன். "கேட்டிச்சா?"

"கேட்டிச்சி. இன்னொருக்காச் சொல்லு."

"வாங்க. வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் வாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்துக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். அந்தப் படிவம்தான். அடியில் அவருடைய கையெழுத்து ஏற்கனவே இருந்தது. பக்கத்தில் சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைத் திகதி.

"போட்டிட்டன், குடுக்கல்ல," என்றார், அதைக் கிழித்துக்கொண்டே. "நீ சொல்லுவியா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."