அட்டையில் இருந்த கணவர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அன்னவாசலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரே மகள், புதுக்கோட்டையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திருச்சியிலிருந்து ஒரு மேடம் போனில் சொல்லிக்கொடுப்பார். பேச்சுப் பரீட்சையில் ஓர் அட்டை தருவார்களாம். அதில் உள்ளபடி ஒருவர் நோயாளியாகவோ சொந்தக்காரராகவோ பேச, இவள் நர்ஸாகப் பதில் சொல்ல வேண்டும். சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"செத்த இங்கிட்டு வந்து உக்காருங்கப்பா. எதிர்ல ஆள் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வருது."

"எனக்கு எங்க ஆத்தா இங்கிலீசு?" மகளை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"நீங்க தமிழ்லயே கேளுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

உட்கார்ந்து இருமினேன்.

"நீங்க பேஷண்டு இல்லப்பா, பேஷண்டோட வீட்டுக்காரர். எதுக்கு இருமுறீங்க?"

போனில் மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம் மேடம் அட்டையைப் படித்துத் தமிழில் சொன்னார். ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி. கணவர் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தார். முற்றிய பிறகு கொண்டுவந்ததால் காப்பாற்ற முடியவில்லை. முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கணவர் நர்ஸிடம் கேட்கிறார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி அப்படித்தான் போனாள். சாதாரண வலி என்று அவளும் சொன்னாள், நானும் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்தேன். மகள் அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து நர்ஸிங் படித்தாள். "புள்ளைக்குச் சொல்லாதீங்க, பயந்துரும்" என்று மனைவி தடுத்தாள். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுதாள். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. என்னை என்ன நினைத்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது.

"கேளுங்க சார்" என்றார் மேடம். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

"முன்னாடியே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

"யூ ஷுட் ஹேவ் ப்ராட் ஹெர் இயர்லியர்" என்றாள் மகள்.

முன்னாடியே கூட்டிவந்திருக்க வேண்டும் என்கிறாள். பிரிங், ப்ராட், ப்ராட் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தானே, எனக்கே புரிந்தது.

"கிராமர் கரெக்ட்மா. ஷுட் ஹேவுக்கு அப்புறம் வி த்ரீ சரியா வந்துருக்கு. ஆனா நர்ஸ் இப்படிச் சொல்லக் கூடாது. அவரைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு, மார்க் போயிடும். 'யூ குட் நாட் ஹேவ் நோன்'னு சொல்லணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லைங்கன்னு ஆறுதலா. மறுபடி கேளுங்க சார்."

கேட்டேன். மகள் "யூ குட்" என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"என்னம்மா, ஈஸிதானே? இன்னொரு தடவை கேளுங்க சார்."

கேட்கவே பிடிக்கவில்லை. கேட்டேன். இந்தத் தடவை என் கை மேல் கை வைத்து, ஆஸ்பத்திரியில் பேசும் மெதுவான குரலில், முழுதாகச் சொன்னாள்.

"எக்ஸலண்ட்" என்றார் மேடம்.

மகள் போனை வைத்தாள். கையையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நெசமாத்தான் சொன்னியா ஆத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

சார்ஜரைச் செருகிக்கொண்டே, "அது மார்க்குக்குப்பா" என்றாள். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பும்போது அன்னவாசலுக்குச் சிமெண்ட் லோடு ஒன்று கிடைத்தது.