லாரி வெறுமையாகப் போன ஒன்பது மைல்

செய்தி வந்தபோது நான் அந்த லாரி ஷாஃப்டை இரண்டாவது தடவையாக அறுத்துக்கொண்டிருந்தேன். கோத்தா திங்கியிலிருந்து சைக்கிளில் வந்த தபால்காரர் பட்டறை வாசலில் இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றி, "ஒங்க பிட்டர் விடியக்காலம் போயிட்டாராம்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். வழக்கமான என் குறும்பு என்று நினைத்து அவர் முகத்தைச் சுளித்தார். நான் குறும்புக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. குழாயில் இன்னும் கால் அங்குலம் அறுக்கப் பாக்கி இருந்தது. அதை அறுத்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் மாணிக்கண்ணனைப் பற்றி எழுத என்னைவிட நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டறையில் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். லாரி பழுதுபார்க்கிறவர் என்பதால் நீங்கள் எல்லாரும் 'பிட்டர் மாணிக்கம்' என்று கூப்பிட்டவரை 'புட்டு மாணிக்கம்' ஆக்கியதும் நான்தான். லயத்து வீட்டுப் பிள்ளைகள்வரை அது பரவியது. அவர் கோபப்படவில்லை. "புட்டுன்னா ஆவியில வேகணும்டா. நான் வெயில்லதான வேகறேன்" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

ஒருநாள் அவருடைய ஒற்றைச் செருப்பில் ரப்பர்ப் பாலை ஊற்றிவைத்தேன். பால் உறைந்து செருப்புக்குள் மெத்தை மாதிரி ஆகிவிட்டது. அவர் காலை நுழைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி நுழைத்தார். கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். "நல்லா இருக்குடா. இன்னொண்ணுலயும் ஊத்து" என்றார். அன்று மாலை நானே ஊற்றிக் கொடுத்தேன். என் குறும்புகளில் தோற்றுப்போனது அது ஒன்றுதான்.

இனி லாரியைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றோர ஏற்றத்தில் நம் தோட்டத்து லாரியின் பின் அச்சு முறிந்தது உங்களுக்குத் தெரியும். அச்சு முறிந்ததில் கணக்குப் பார்க்கிற கிராணிக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்கு இருப்பது அந்த ஒரே லாரி. செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கழித்துப்போட்ட வேறொரு லாரியின் அச்சைக் கொண்டுவந்தோம். பூட்டிப் பார்த்தால் அதன் மூக்கு நம் பழைய அச்சைவிட நாலு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதைக் குறைத்தால்தான் பொருந்தும். நாளைக்கு அறுக்கலாம் என்று மாணிக்கண்ணன் சொன்னார். மறுநாள் லாரிக்கு அடியிலேயே அவருக்குக் குளிர் வந்துவிட்டது.

கொய்னா மாத்திரை கசந்ததே தவிர காய்ச்சலுக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குச் சிறுநீர் கறுத்துப் போயிற்று. பதினொரு மைல் தள்ளி இருக்கும் கோத்தா திங்கி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார் தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர். துரை காரை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். லாரியோ நாலு ரப்பர்க் கட்டைகள்மேல் சக்கரம் தொங்க நின்றது.

நானே அறுக்கிறேன் என்றேன். வேறு ஆளும் இல்லை. கியர்ப் பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு பிரம்பை வைத்து அளந்து, குழாயை அறுத்து, காஸ் வெல்டிங் வைத்து ஒட்டினேன். அவர் படுத்திருந்த லயம் கூப்பிடு தூரம்தான். இப்படி அளந்தேன், சரியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லாரியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரன் அடித்து அவரைத் திகைக்கவைக்க ஆசைப்பட்டேன். கட்டைகளை எடுத்துவிட்டுப் பட்டறையை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஹாரனும் அடித்தேன். அண்ணன் மனைவி அஞ்சலையக்கா அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் லாரியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

டவுனுக்குப் போகிற லாரி நம் தோட்டத்தில் வெறுமனே போனதில்லை. கிராணி ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை ஏற்றச் சொன்னார். கடைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று பதினைந்து பேர் ஏறினார்கள். நடுவில் பாய் விரித்து மாணிக்கண்ணன். அவர் தலை அஞ்சலையக்கா மடியில். இரண்டாவது மைல்கல்லருகே ஒரு பள்ளத்தில் லாரி இறங்கியபோது அடியில் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். கியர்ப் பெட்டியின் பின்பக்கம் விரிசல். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

மேலிருந்து அவர் குரல் கேட்டது. "கட்டைமேல நிக்கறப்பவே அளந்துட்டியா?"

"ஆமாண்ணே."

"சக்கரம் தொங்கிக்கிட்டு இருந்திச்சா?"

"இருந்திச்சு."

எனக்கே விளங்கிவிட்டது. சக்கரம் தொங்கும்போது அச்சு கீழே இறங்கி நிற்கும். அந்தச் சாய்வில் அளந்தால் நீளம் கூடும். பாரம் ஏறியதும் அச்சு மேலே வரும். அப்போது ஷாஃப்டுக்கு இடம் போதாமல் அது கியர்ப் பெட்டியையே போய் இடிக்கும். "இரும்புக்கு வெக்கம் கெடையாது, தப்பா அறுத்தா ஊருக்கே காட்டிக் குடுத்துடும்" என்று அவர் சொல்வார். காட்டிக் கொடுத்துவிட்டது.

ஷீட்டுகளை ரோட்டோரம் இறக்கினோம். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். லாரி நிமிர்ந்தது, ஷாஃப்டுக்கு ஒரு விரல் இடம் கிடைத்தது. காசிம் நானா, லாரி ஓட்டுபவர், என்னைப் பார்த்து, "அஞ்சலையுமா?" என்றார். நான் எண்ணெயைப் பார்த்தேன். இன்னொரு இடி தாங்காது. ஆமாம் என்றேன்.

அக்கா அவர் தலையைத் தூக்கி ஒரு சாக்கின்மேல் வைத்தார். தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் மாணிக்கண்ணன் கேட்டார். "அவ ஒரு ஆளு. ஒரு ஆளு கனம் என்னடா பண்ணிடப் போவுது?"

"பயமா இருக்குண்ணே" என்றேன்.

"சரி. ஓட்டச் சொல்லு."

நான் காசிம் நானா பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் கீழே கொடுத்து அந்தச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டு போனேன். சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எண்ணெய் முழுக்க வற்றி லாரி நின்றது. அக்காவைத் திரும்பப் போய் ஏற்றிவர அது உதவவில்லை. மழையில் நடந்து அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாணிக்கண்ணனுக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு அது திரும்பவேயில்லை.

மறுநாள் ஷாஃப்டை மட்டும் கழற்றி மாட்டுவண்டியில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்கும் மறுநாள்தான் தபால்காரர் வந்தது.

அக்கா ஏறியிருந்தாலும் லாரி போய்ச் சேர்ந்திருக்கும் என்று காசிம் நானா சொல்கிறார். வேறொரு நாள் கேட்டால், சேர்ந்திருக்காது என்கிறார். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டிரெஸ்ஸரைக் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கருமாதி அன்று அஞ்சலையக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "வழியில அவரு எதுவும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. நான் முன்னால இருந்தேன்."

"நீதான் எம்புட்டோ கத விடுவியே. ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

எதற்கெடுத்தாலும் மறுபேச்சு வைத்திருக்கிற வாய் இது. அக்காவுக்காக ஒரு வார்த்தையை இட்டுக்கட்டப் பார்த்தேன். அண்ணன் குரல் வந்தது, வார்த்தை வரவில்லை.

அவருடைய சாமான்களை அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுத்துப்போக வேண்டியதும் அவர்தான். என்னிடம் இருப்பது அந்த ஒன்பது மைல். அதில் மாணிக்கண்ணன் கண்ணைத் திறந்திருந்தாரா, யாரையாவது கூப்பிட்டாரா, தண்ணீர் கேட்டாரா, தெரியாது. நான் அடியில் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.