சுறா எண்ணெய் பூசிய கிற்றார்

யாராவது ஒரு கிற்றாரை என் கையில் தந்தால், நான் முதலில் அதன் முதுகை மணந்து பார்ப்பேன். போன மாதம் மகளுக்கு ஒன்று வாங்கக் கிளிநொச்சிக்குப் போனபோதும் அப்படித்தான் செய்தேன். கடைக்காரத் தம்பி ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அக்கா, அது மீன் இல்லை, கிற்றார்" என்றான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன செய்வது? நான் அறிந்த முதல் நல்ல கிற்றார் மீன்தான் மணத்தது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு முல்லைத்தீவில், கடற்கரைப் பக்கம். அப்பா கடற்றொழில் செய்தார். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, தாய் தகப்பன் இல்லாதபடியால் எங்களோடுதான் இருந்தார். கிழமை நாட்களில் முன்பள்ளியில் படிப்பிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாட்டுக்காரரை நடத்துவார். கன்னியர்மடத்து விடுதியில் படித்த காலத்தில் கிற்றார் வாசிக்கப் பழகியவர்.

குறை பிடிப்பதில் சின்னம்மாவை வெல்ல ஆளில்லை. சம்பந்தம் பேசி வந்த ஒருவருக்குக் காது பெரிது என்றார். இன்னொருவர் பூசையில் கொட்டாவி விட்டாராம், அவரும் சரிவரவில்லை. அம்மா களைத்துப்போய், "இவளுக்கு ஆண்டவர் இனித்தான் ஒருத்தனைப் படைக்க வேணும்" என்பார். அப்பா இந்தக் கதைகளில் வாய் வைப்பதேயில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார்.

கோயிலுக்கு ஒரு கிற்றார் வேண்டும் என்று சின்னம்மா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வவுனியாக் கடையில் அது ஒரு கறவைப் பசுவின் விலை விற்றது. அது கோயிலுக்குக் கட்டாது. முள்ளியவளையில் கதவு, யன்னல் செய்யும் ஒருவர் கையாலேயே கிற்றாரும் செய்வார், விலையும் அதிகமில்லை என்று பங்குச் சுவாமி கேள்விப்பட்டு, ஒன்று செய்து கொண்டுவரச் சொன்னார். சின்னம்மா வாசித்துப் பார்த்து நல்லது என்றால் வாங்குவது. திருநாளுக்குள் அவர் சரி சொல்லாவிட்டால் அந்தக் காசில் ஒலிபெருக்கியைத் திருத்துவது. இதுதான் சுவாமியின் தீர்ப்பு.

எனக்கு இது சும்மா விஷயம் இல்லை. திருநாள் பூசையில் கிற்றாரோடு ஒரு சரணத்தைத் தனியாகப் பாட சின்னம்மா என்னைத்தான் தெரிந்தெடுத்திருந்தார். கிற்றார் இல்லை என்றால் சரணமும் இல்லை.

கிற்றார் செய்பவர் சைக்கிளில் வந்தார். கிற்றாரை உரப்பையில் சுற்றி முதுகில் கட்டியிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் குடியேறிய குடும்பம். எங்கள் கத்தோலிக்க வேதம்தான், ஆனால் பேச்சு வேறு. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு "ங்க" தொங்கும். எனக்கு அது புதுமையாக இருந்தது.

கிற்றாரில் பளபளப்பு ஒன்றும் இல்லை. முகம் மலைவேம்புப் பலகை, கழுத்து முதிரை. முதுகும் பக்கங்களும் தேயிலைப் பெட்டிப் பலகை. நடுவிலிருந்த வட்ட ஓட்டையில் கண்ணை வைத்தால், உள்ளே பெட்டியின் கறுப்பு எழுத்துகள் பாதி தெரிந்தன.

வீட்டில் எல்லாரும் சோதித்தோம். அம்மா அதைத் தேங்காய் தட்டுவதுபோல் காதோடு வைத்துத் தட்டினார். அப்பா துடுப்பு வாங்கும்போது செய்வதுபோல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீட்டுக்குப் பார்த்தார்.

"வளைவில்லை" என்றார். போய் வலையை எடுத்துக்கொண்டார்.

சின்னம்மா மடியில் வைத்து இரண்டு முறை மீட்டினார். முகத்தைச் சுளித்தார். "கம்பியெல்லாம் இவ்வளவு உயரத்தில நிக்குது. இதில பாட்டு வாசிக்கேலாது, உடுப்புக் காயப் போடலாம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கிற்றார்க்காரர் கோபிக்கவில்லை. "சரிங்க டீச்சர். எறக்கிட்டு வாறேங்க" என்றார்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடிக்கும்போது நான் கேட்டேன், முதுகுக்குத் தடிப்பாக வார்னிஷ் அடித்துவிட்டு முகத்துக்கு ஏன் பட்டும்படாமலும் அடித்திருக்கிறீர்கள் என்று. அவர் என்னைப் பெரிய மனுசியாக மதித்து மறுமொழி சொன்னார்.

"பாடுறது முகம்தாம்மா. முதுகு சும்மா பெட்டி. முகத்துல கனமா எதையும் பூசிட்டா, அதுவும் எண்ணெய் கிண்ணெய் பட்டுட்டா, கொரலு செத்துப்போயிரும்."

"முதுகில பட்டால்?"

"முதுகுல பட்டா தொடச்சுக்கலாம்."

அப்பா வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கேட்டாரோ இல்லையோ தெரியாது.

அடுத்த முறை கம்பி இறங்கியிருந்தது. ஆனால் தடித்த கம்பியைத் தட்டியதும் கட்டையில் பட்டு இரைந்தது. "உள்ளுக்கு நுளம்பு வளர்க்கிறியளோ?" என்றார் சின்னம்மா. கிற்றார்க்காரர் அதைத் திரும்ப உரப்பையில் சுற்றினார். அதற்கடுத்த முறை நுளம்பு இல்லை. சின்னம்மா கழுத்தின் அடியில் ஒரு சுருதியைத் தொட்டார், நடுவில் அதே சுருதியைத் தொட்டார். காதைச் சாய்த்தார். "இஞ்ச ஒண்டு சொல்லுது, அங்க வேற சொல்லுது. ரெண்டும் சண்டை."

அவரும் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் வாடிவிடும் என்று பார்த்தால், மலர்ந்தது. "நெசந்தாங்க! எனக்கே இதுவரைக்கும் புடிபடலைங்க. கம்பி நிக்கிற கட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளணுங்க."

திருநாள் கிட்டி வந்துகொண்டிருந்தது. பாவம் அந்த மனிதர், வெயிலில் மிதித்து வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தார். சின்னம்மாவோ இரக்கமில்லாமல் குறை பிடித்துக்கொண்டிருந்தார். கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். "சின்னம்மாவின் வாயைக் கட்டும் அந்தோனியாரே. கிற்றார் சரி என்று அவர் சொன்னால் பெரிய மெழுகுதிரி ஒன்று ஏற்றுவேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அம்மா ஒருநாள் குசினியிலிருந்து, "எடியே, உலைக்கு அரிசி போட்டனியோ?" என்று கேட்டார். சின்னம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆமாங்க" என்றார். அம்மா அகப்பையோடு வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

நான்காம் முறை வந்த கிற்றார் பாடியது. சின்னம்மா மேலே தொட்டார், கீழே தொட்டார், மெல்லமாகவும் உரமாகவும் மீட்டினார். உள்ளே ஓட்டைக்குள்ளும் பார்த்தார். பிறகு ஒரு மாதா பாட்டை முழுதாக வாசித்தார்.

"என்னங்க டீச்சர்?"

"நல்லாயிருக்கு" என்றார் சின்னம்மா. யாரோ இறந்த செய்தி சொல்வதுபோல் இருந்தது அது.

"அப்ப இனி வேலை ஒண்ணும் இல்லைங்களே."

"இல்லை."

அவர் உரப்பையை மடித்தார். மடித்ததை விரித்து மறுபடி மடித்தார். அப்பாவிடம், "வாறேங்க அண்ணே" என்றார். சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும்வரை சின்னம்மா அசையவில்லை. பிறகு, தலையிடி என்று போய்ப் படுத்தார். நான் முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தேன். அந்தோனியார் என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார்!

மறுநாள் பின்னேரம் செபமாலை முடிந்து நாங்கள் மூன்று பேரும் திரும்பி வந்தபோது, படலையிலேயே சுறா எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. வள்ளத்துக்குப் பூசும் எண்ணெய் அது. முற்றத்தில் அப்பா சப்பாணி கட்டி இருந்தார். ஒரு கையில் பழந்துணி, பக்கத்தில் எண்ணெய்ப் பேணி. மடியில் கிற்றார் குப்புறக் கிடந்தது. அதன் முதுகு கருவாடுபோல் மின்னியது. அயல்வீட்டுப் பூனை அதை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தான்!" என்று சின்னம்மா அலறிய சத்தம் கடலில் நின்ற வள்ளங்களுக்கும் கேட்டிருக்கும். "என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்!"

"மாரி வருது பிள்ளை. ஈரம் குடிக்காமல் இருக்கட்டும் எண்டு பூசினனான்."

"இது வள்ளமே?"

"மரம்தானே" என்றார் அப்பா சாவகாசமாக.

அம்மா தலையில் கைவைத்தார். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? திருநாளுக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? அந்தப் பொடியனைப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

"வேற வழியில்லை. போகத்தான் வேணும்" என்றார் அப்பா. நான் ஓவென்று அழுதேன். என்னோடு சேர்ந்து அழவேண்டிய சின்னம்மாவோ, போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார்.

விடிந்ததும் அப்பா புறப்பட்டார். ஒரு தச்சரைக் கூப்பிட எதற்குக் கோயில் சட்டையைப் போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. போனவர் அன்று வரவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்தார். கூடவே கிற்றார்க்காரரும் வந்தார், விசுவமடுவிலிருந்து அவருடைய தாயும் வந்தார். தாயின் கையில் ஒரு வாழைப்பழக் குலையும் சீனிப் பொட்டலமும் இருந்தன.

மரத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் கைமருந்து அந்த அம்மாவுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் கிற்றார்ப் பக்கமே போகவில்லை. கதிரையில் இருந்துகொண்டு சின்னம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எங்கள் அம்மா முதலில் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். ஊர் என்ன சொல்லும் என்ற யோசனை. பிறகு அந்த அம்மா ஏதோ மெல்லச் சொல்ல, அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கிற்றாருக்காக இவ்வளவு பேர் கவலைப்படுவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கிற்றார்க்காரர் மரத்தூளைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டி, துடைத்து, தாள் போட்டுத் தேய்த்தார். சின்னம்மா பக்கத்தில் நின்று மரத்தூள் அள்ளிக் கொடுத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அவர் கிற்றாரைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஆச்சரியமா இருக்குங்க. முகத்துல ஒரு சொட்டும் படலை. கழுத்துலயும் படலை. முதுகுல மட்டுந்தான்."

"மாதா காத்தா" என்றார் அம்மா.

"அந்தோனியார்!" என்று நான் திருத்தினேன். அப்பா இருமினார்.

திருநாளில் நான் என் சரணத்தைப் பாடினேன். நடுவில் ஒரு பூனை கோயிலுக்குள் நடந்து வந்து, சின்னம்மாவின் காலடியில் இருந்து கிற்றாரை அண்ணாந்து பார்த்தது. சுவாமி பிரசங்கத்தில், இந்த முறை திருநாளுக்குப் புதிதாக ஒருவர் மனந்திரும்பி வந்திருக்கிறார் என்றார். சனம் சிரித்தது. அடுத்த தவக்காலம் தொடங்குமுன் சின்னம்மாவுக்குக் கலியாணம். கிற்றார்க்காரரைச் சித்தப்பா என்று கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் வெட்கமாக இருந்தது.

பின்னால் சுனாமியில் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனபோது, கிற்றார் அவர்களோடு முள்ளியவளையில் இருந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு சண்டைக்குள் ஓடிய ஓட்டத்தில் எங்கோ தவறிவிட்டது. ஆண்டவர் புண்ணியத்தில் அவர்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறார்கள். சித்தப்பா செய்வதில் இன்றைக்கும் சின்னம்மா குறை பிடிக்கிறார், அவரும் "சரிங்க டீச்சர்" என்கிறார்.

கிளிநொச்சிக் கடையில் முதுகை மணந்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அது என் மனதில் பட்டது. அப்பா துடுப்பில் மயிரளவு வளைவையும் கண்டுபிடிப்பார். வள்ளத்துப் பலகையைத் தட்டியே அதன் வயதைச் சொல்வார். அவருக்கா வள்ளத்துக்கும் கிற்றாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது? அவ்வளவு எண்ணெய் பூசிய கை, பாடுகிற முகத்தில் ஒரு சொட்டும் சிந்தாமலா பூசியது?

அந்தத் திருநாளில் பூசை முடிந்ததும் நான் நேர்ந்த மெழுகுதிரியை ஏற்றப் போனேன். தனியே போகாதே என்று அப்பாவும் கூட வந்தார். கிற்றாரின் முகத்தைக் காத்ததற்காக அந்தோனியாருக்கு நான் சத்தமாக, நீளமாக நன்றி சொன்னேன். அப்பாவும் என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். நான் முடித்ததும், "ஆமென்" என்று மட்டும் சொன்னார்.